சிங்கப்பூர்க் கல்விச் சுற்றுலா: நுழைவுச் சீட்டு இல்லாத இடங்களில் கற்றவை

சென்னையின் தனியார் பள்ளிகள் பலவற்றில் வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கான சுற்றறிக்கை இப்போது ஆண்டுதோறும் வருகிறது. வண்ணப் படங்கள் நிறைந்த அந்த அறிக்கையைப் படிக்கும் பெற்றோருக்கு விமானம், தங்குமிடம், உணவு, பாதுகாப்பு ஆகியவை பற்றிய விவரங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பிள்ளை அங்கே சென்று என்ன கற்றுக்கொள்ளும் என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. எங்கள் பள்ளி ஒரு பயண நிறுவனத்தின் வழியாக 2025ஆம் ஆண்டுக் காலாண்டு விடுமுறையில் நடத்திய சிங்கப்பூர்ச் சுற்றுலாவில் பதினோராம் வகுப்பு மாணவனாகக் கலந்துகொண்ட நான், அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற விடையை இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. பிற பள்ளிகளில் படிக்கும் நண்பர்களிடம் கேட்டபோது, வெவ்வேறு நிறுவனங்களுடன் சென்ற அவர்களின் பயணத் திட்டங்களும் ஏறத்தாழ இதே வார்ப்பில்தான் இருந்தன. ஆகவே ஒரு நிறுவனத்தை மட்டும் பாராட்டுவதோ குறை கூறுவதோ பெற்றோருக்குப் பயன்படாது.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயண ஏற்பாடுகள் மிக நன்றாக இருந்தன. கல்வி என்ற பகுதியோ, நிறுவனம் நுழைவுச் சீட்டு வாங்கி அழைத்துச் சென்ற இடங்களைக் காட்டிலும், எவரும் காசு கொடுக்காமல் போய் நிற்கக்கூடிய இடங்களில்தான் நடந்தது. அந்த இடங்களுள் பல எங்கள் ஆசிரியரின் வற்புறுத்தலால் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவை. சில, பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்ததோடு கடந்துபோனவை.

ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். விசா, பெற்றோரின் ஒப்புதல் கடிதங்கள், சிங்கப்பூர் அரசு கேட்கும் மின்னணு வருகை அட்டை ஆகிய அனைத்தையும் நிறுவனமே கவனித்துக்கொண்டது. சென்னையிலிருந்து ஏறத்தாழ நாலரை மணி நேரப் பயணம். அங்கே இறங்கும்போது கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் நகர்த்த வேண்டும் என்பதால், முதல் நாள் காலை எல்லோரும் தூக்கக் கலக்கத்திலேயே இருந்தோம். மூவருக்கு ஓர் அறை. ஒவ்வொரு தளத்திலும் ஓர் ஆசிரியர். இரவு உணவுக்குப் பின் கட்டாய வருகைப் பதிவு. ஒரு மாணவிக்குக் காய்ச்சல் வந்தபோது நிறுவனத்தின் பணியாளர் உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவளுடைய பெற்றோருடன் அன்றிரவே காணொளியில் பேசவும் வைத்தார். மகளையோ மகனையோ அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோர் பாதுகாப்பைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

கட்டணம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. எங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவர்கள் பலர் அந்தத் தொகையின் காரணமாகவே பெயர் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில், போட்டிகளில் வென்ற மாணவர்களை அரசு தன் செலவிலேயே வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கிறது. தனியார் பள்ளிகளும் ஒவ்வொரு குழுவிலும் சில இடங்களையாவது திறமையின் அடிப்படையில் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வகுப்பில் நீரியல் சுழற்சியைப் பற்றி எல்லோரையும்விடத் தெளிவாக விளக்கக்கூடிய என் நண்பன், நான் இனிச் சொல்லப்போகும் அணையைப் படத்தில் மட்டுமே பார்க்க நேர்ந்தது சரியாகப் படவில்லை.

இனி பயணத் திட்டத்துக்கு வருகிறேன். அச்சிட்ட கையேட்டில் அறிவியல் மையம், வளைகுடாத் தோட்டங்கள், பொழுதுபோக்குத் தீவான செந்தோசாவில் முழுநாள், ஆர்க்கிட் தோட்டம், சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை, ஒரு பள்ளிக்கு வருகை, ‘நியூவாட்டர்’ பார்வையாளர் மையம் ஆகியவை இருந்தன. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கத்தக்க நீராக மாற்றுவதை விளக்கிய அந்தக் கடைசி இடம் 2024 ஜூலையுடன் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. மறு ஆண்டு புறப்படும் குழுவின் கையேட்டில் அதன் பெயர் இன்னும் இருந்தது என்றால், அந்தத் திட்டம் எவ்வளவு காலமாகத் திருத்தப்படாமல் பள்ளிக்குப் பள்ளி கைமாறியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் இதைப் புறப்படுவதற்கு முன்பே கண்டுபிடித்தார். அந்த நேரத்தைக் கடைவீதிக்கு ஒதுக்கலாம் என்று நிறுவனம் சொன்ன யோசனையை அவர் ஏற்காமல், மரீனா அணைக்கட்டுக்கு அழைத்துச் செல்லும்படி கேட்டு வாங்கினார். இந்தப் பயணத்தில் நான் கற்றவற்றுள் பாதி அங்கே கற்றவை.

மரீனா அணைக்கட்டு 2008இல் திறக்கப்பட்டது. 350 மீட்டர் அகலமுள்ள மரீனா கால்வாயின் குறுக்கே, கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் கட்டப்பட்ட தடுப்பணை அது. அதன் உள்பக்கம் இருப்பது நகரின் நடுவிலேயே அமைந்த நன்னீர்த் தேக்கம், வெளிப்பக்கம் கடல். நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கான 10,000 ஹெக்டேரில் பெய்யும் மழைநீர் அந்தத் தேக்கத்தில் வந்து சேர்கிறது. அணையில் ஒன்பது எஃகுக் கதவுகள் உள்ளன. பெருமழை பெய்து, கடலில் நீர்மட்டம் தாழ்ந்திருந்தால் கதவுகளைத் தாழ்த்தி மிகுதி நீரைக் கடலுக்கு விடுகிறார்கள். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது பெருமழை வந்தால் கதவைத் திறக்க இயலாது. திறந்தால் கடல்நீர்தான் உள்ளே வரும். அப்போது ஏழு ராட்சத பம்புகள் நீரை வெளியேற்றுகின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கனமீட்டர் நீரை இறைக்கக்கூடியது. ஒரே கட்டுமானம் குடிநீர்த் தேக்கமாகவும் வெள்ளத் தடுப்பாகவும் பயன்படுகிறது. அதன் புல் வேய்ந்த கூரையில் மாலைதோறும் குடும்பங்கள் பட்டம் விடுகின்றன.

பாலத்தின் மேல் எங்களை நிறுத்தி ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி சிங்கப்பூரைப் பற்றியது அன்று. “நம்ம ஊர்ல 2015ல என்ன நடந்தது, 2019ல என்ன நடந்தது, சொல்லுங்க” என்றார். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் ஒரே நகரம் நீர் மிகுந்தும் நீர் இல்லாமலும் துன்பப்பட்டது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சிங்கப்பூரில் ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். அங்கே மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. இங்கே பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆகவே அங்குள்ளதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதையும் ஆசிரியரே விளக்கினார். அந்த விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் அணையின் கதவுகளை எங்களால் சரியாகப் பார்க்க முடிந்தது. அதற்கு முன்பு வரை எங்களுள் பெரும்பாலோர் எதிரே தெரிந்த உயரமான கட்டடங்களைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

சிங்கப்பூரின் நீர் நான்கு வழிகளில் வருகிறது: சொந்த நீர்த்தேக்கங்கள், மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலிருந்து வாங்கும் நீர், நியூவாட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம். அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. பக்கத்து நாட்டின் தண்ணீரை நம்பியிருக்கும் நிலை எப்படிப்பட்டது என்பதைக் காவிரியையும் கிருஷ்ணா நீரையும் பற்றிய செய்திகளோடு வளர்ந்த எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நியூவாட்டர் 2003இல் தொடங்கியது. கழிவுநீரை நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), புற ஊதாக் கதிர் என்று மூன்று படிகளில் சுத்திகரிக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. வறண்ட காலத்தில் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது.

இந்த இடத்தில் நான் பெரம்பூரில் வசிப்பவன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவில் உள்ள கொடுங்கையூரில், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்து மணலி, எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. கோயம்பேட்டிலும் அதே அளவில் ஒன்று உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் வந்துவிட்டது. கொடுங்கையூர் என்றால் குப்பைமேடு என்று மட்டுமே அறிந்திருந்த எங்கள் குழுவினர், தங்கள் ஊரிலும் இத்தகைய நிலையம் இருக்கிறது என்பதைச் சிங்கப்பூரின் அணைமீது நின்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். என் பார்வையில், வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா என்ற ஏற்பாட்டுக்கு இருக்கும் நியாயமே இதுதான். சொந்த ஊரை வேறொரு கண்ணால் பார்க்க அது உதவ வேண்டும். அதற்கு எங்களுக்குக் கிடைத்த இடம் நுழைவுச் சீட்டு தேவைப்படாத ஒரு பாலம்.

அணைக்கட்டிலிருந்து சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குச் சென்றோம். கையேட்டில் அந்த இடம் ‘மெர்லயன் சிலை – படம் எடுக்க நேரம்’ என்று மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தது. எங்களுக்கு அமைந்த உள்ளூர் வழிகாட்டி சிராங்கூன் சாலைப் பக்கத்தில் வளர்ந்த தமிழர். அறுபது வயதைக் கடந்தவர். இந்தப் பயணத்தில் நிறுவனம் எங்களுக்குச் செய்த மிகச் சிறந்த உதவி அவரை அனுப்பியதுதான். சிலைக்கு முன்னால் படம் எடுத்து முடித்ததும் எங்களை ஆற்றோரமாக நடத்திச் சென்றார். “தம்பி, நான் உன் வயசுல இந்த ஆத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போவேன்” என்றார். அங்கே ஓடிய தெளிந்த நீரைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவது கடினமாக இருந்தது.

1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆறும் காலாங் வடிநிலமும் மீன் பிடிக்கக்கூடிய அளவுக்குத் தூய்மையாக வேண்டும் என்று இலக்கு வைத்தார். 1987இல் அந்த வேலை முடிந்தது. கரையோரத்திலும் வடிநிலத்திலும் இருந்த 600க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக் கடைக்காரர்கள் கூரையுள்ள உணவு அங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்த 800க்கும் மேற்பட்ட தோணிகள் 1983இல் பாசிர் பாஞ்சாங் பகுதிக்கு அனுப்பப்பட்டன. தொடக்க காலத்தில் அந்தத் தோணிகளை ஓட்டியவர்களுள் சூலியா என்றழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தார்கள் என்பதையும் வழிகாட்டி ஐயா சொன்னார்.

எங்கள் குழுவில் ஒரு மாணவி, அந்தக் குடும்பங்களும் தோணிக்காரர்களும் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டாள். அவர் சற்று யோசித்துவிட்டு, வீடு கிடைத்தது என்றும், தொழில் போனது என்றும், வயதானவர்கள் புதிய இடத்தில் ஒட்டாமலேயே இருந்தார்கள் என்றும் பதில் சொன்னார். கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பற்றி அப்போது எங்களிடையே விவாதம் எழுந்தது. ஆறு தூய்மையாக வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை; ஆனால் கரையில் வாழ்ந்தவர்களை நகரத்தின் விளிம்புக்கு அனுப்பிவிட்டால் பிள்ளைகளின் பள்ளி, பெற்றோரின் வேலை, அன்றாடப் பேருந்துச் செலவு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று அந்த மாணவி விடாமல் கேட்டாள். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுடன் கடைகளும் பள்ளிகளும் போக்குவரத்தும் சேர்த்துத் திட்டமிடப்பட்டன என்றார் ஆசிரியர். அப்படியிருந்தும் இழப்பு இருந்தது என்றார் வழிகாட்டி. பாடநூலில் ‘நகரமயமாதல்’ என்ற தலைப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த பத்தி எதிலும் இந்த வாதம் இல்லை. பேருந்து காத்திருக்கிறது என்று நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் வந்து அழைத்ததால், பேச்சு அங்கேயே பாதியில் நின்றது.

அதே ஆற்றின் முகத்துவாரத்தில்தான் ஒரு காலத்தில் ‘சிங்கப்பூர்க் கல்வெட்டு’ நின்றது. முழுமையாகப் படிக்க முடியாத எழுத்துகள் பொறித்த பெரும் மணற்பாறை; 1843இல் ஆற்று வாயிலை அகலப்படுத்துவதற்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய ஒரு துண்டு சிங்கப்பூர்த் தேசிய அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. அதிலுள்ள சில எழுத்துகளைச் சோழ மன்னர்களின் பரகேசரி என்ற பட்டத்தோடு தொடர்புபடுத்திப் படிக்கலாம் என்று ஆய்வாளர் ஒருவர் முன்வைத்திருக்கிறார். முடிந்த முடிவாக அது ஏற்கப்படவில்லை. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைப் பெருமையோடு படிக்கும் நாங்கள், ஒரு சான்று எவ்வளவு சிறியதாக இருக்கக்கூடும் என்பதையும், அதைக் கொண்டு எவ்வளவு எச்சரிக்கையோடு பேச வேண்டும் என்பதையும் அங்கே புரிந்துகொண்டோம்.

ஆற்றங்கரையிலேயே உள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்கு ஆசிரியர்களின் வேண்டுகோளின் பேரில் ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். 1998இல் பெலிதுங் தீவருகே கடலடியில் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. சீனாவிலிருந்து மேற்கே சென்ற அந்தக் கப்பலில் 60,000க்கும் மேற்பட்ட பீங்கான், சுடுமண் பொருள்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் பொறித்திருந்த நாள் கி.பி. 826ஐக் குறிப்பதால் அதன் காலத்தைக் கணிக்க முடிந்தது. ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னைக் கடற்கரையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து ஆட்களை ஏற்றிவந்த மசூலா படகுகளும் அப்படித் தைத்தவைதாம். இந்த ஓர் அறைக்கே ஒரு மணி நேரம் போதாது. நாங்களோ முழு அருங்காட்சியகத்தையும் அந்த நேரத்துக்குள் சுற்றினோம். மேல்தளத்தில் எதைப் பார்த்தோம் என்று இப்போது கேட்டால் என்னால் சொல்ல இயலாது.

பேருந்தின் சன்னல் வழியாகக் கடந்துபோன இடங்களுள் என்னை மிகவும் வருத்தியது எஸ்பிளனேட் பூங்காவில் உள்ள இந்தியத் தேசிய இராணுவ நினைவிடம். 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அங்கே ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். சில வாரங்களில் திரும்பிவந்த பிரிட்டிஷார் அதை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1995இல் சிங்கப்பூர் அரசு அடையாளப் பலகை வைத்தது. அதற்கு அருகிலுள்ள பாடாங் திடலில்தான் 1943 ஜூலை 5 அன்று போஸ் படைவீரர்களிடையே உரையாற்றினார்; அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று கேத்தே அரங்கில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் எடுத்த தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றியவர். சென்னையிலிருந்து வரும் மாணவர் குழு இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் இதைவிட வேறொன்று உண்டா? கால் மணி நேரம் போதும், கட்டணமும் கிடையாது. கையேட்டில் அது இல்லை. போக்குவரத்துச் சிக்னலில் பேருந்து நின்ற பொழுதில் வழிகாட்டி ஐயா கை காட்டினார், அவ்வளவுதான்.

தாவரவியல் பூங்காவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுவே. 1859இல் தொடங்கப்பட்டு 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான அந்தப் பூங்காவுக்குள் செல்லக் கட்டணம் இல்லை. அதனுள் இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் திட்டத்தில் ஆர்க்கிட் தோட்டம் மட்டுமே இருந்தது. மலர்கள் அழகானவைதான், அதில் ஐயமில்லை. ஆனால் 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் வந்து சேர்ந்த இடம் இந்தப் பூங்கா. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீன்முள் வடிவில் பட்டையைக் கீறித் தொடர்ந்து பால் எடுக்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். அந்த முறை வந்த பின்னரே மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் போனார்கள். ஒரு தாவரவியல் ஆய்வு தமிழ்க் குடும்பங்களின் தலைவிதியை மாற்றிய இந்தக் கதையில் உயிரியல், வரலாறு, பொருளியல் மூன்றும் இருக்கின்றன. எங்கள் தமிழாசிரியை ஆர்க்கிட் தோட்டத்தின் வாசலில் எங்களை உட்காரவைத்துத் தம் தாத்தாவின் அண்ணன் மலாயாவுக்குப் போய்த் திரும்பாததைச் சொல்லியிராவிட்டால், நாங்கள் அந்த மண்ணில் நின்றதன் பொருள் தெரியாமலேயே வந்திருப்போம்.

பள்ளி வருகை நன்றாக அமைந்தது, இன்னும் நீண்டிருக்கலாம். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழ் ஒன்று என்பதைப் படித்திருக்கிறோம். அங்கே பிற பாடங்களை ஆங்கிலத்திலும் தமிழைத் தாய்மொழிப் பாடமாகவும் படிக்கும் மாணவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்தபோது, அந்த ஏற்பாட்டின் வலிமையும் சுமையும் சேர்ந்தே தெரிந்தன. என் பக்கத்தில் அமர்ந்த மாணவர் தமிழில் எழுதும்போது தூய சொற்களையே பயன்படுத்தினார். நண்பர்களோடு பேசும்போது உடனே ஆங்கிலத்துக்கு மாறினார். எங்களிடமோ பேச்சு முழுவதும் தமிழ். எழுதச் சொன்னால்தான் தடுமாற்றம். இதைப் பற்றி இரு தரப்பும் மனம்விட்டுப் பேசத் தொடங்கிய வேளையில், வரவேற்பு நடனமும் நினைவுப் பரிசு வழங்கலும் வந்து மீதி நேரத்தை எடுத்துக்கொண்டன. அடுத்த முறை அந்த நிகழ்ச்சிகளைக் குறைத்து, இரு பள்ளி மாணவர்களும் சேர்ந்து ஒரு வகுப்பில் அமரும்படி செய்தால் நல்லது.

உணவைப் பொறுத்தவரை, நிறுவனம் எல்லா வேளைகளுக்கும் ஒரே வட இந்திய உணவகத்தில் ஏற்பாடு செய்திருந்தது. சைவம் சாப்பிடுவோருக்கு அது வசதி. எனினும் சிங்கப்பூரின் உணவு அங்காடிப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்த ஒன்று. அதைப் பார்க்காமல் அந்த நாட்டைப் பார்த்ததாகக் கூற முடியாது. ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டதால் ஒரு மதியம் தேக்கா நிலையத்துக்குச் சென்றோம். தோசைக் கடைக்குப் பக்கத்தில் மலாய்க் கடை, அதற்கடுத்துச் சீனர் கடை; எல்லோருக்கும் பொதுவான மேசைகள். சாப்பிட்ட தட்டைத் தாமே எடுத்துச் சென்று உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பது அங்கே 2021 முதல் சட்டம். ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட கடைக்காரர்கள் இத்தகைய நிலையங்களுக்குத்தான் வந்தார்கள் என்பது நினைவுக்கு வந்ததால், முந்தைய நாளின் விவாதம் சாப்பாட்டு மேசையில் மீண்டும் தொடங்கியது.

சீட்டு வாங்கிப் பார்த்த இடங்களையும் நேர்மையாக மதிப்பிட வேண்டும். ஜூரோங்கில் 1977 முதல் இயங்கும் அறிவியல் மையம் முழுநாள் செலவிடத் தக்கது. கருவிகளை நாமே இயக்கிப் பார்க்கலாம் என்பதால் இயற்பியலில் ஆர்வம் இல்லாதவர்கள்கூட நகராமல் நின்றார்கள். எங்களுக்குக் கிடைத்தது அரை நாளுக்கும் குறைவு. வளைகுடாத் தோட்டங்களின் 18 பெருமரக் கோபுரங்களை இரவு விளக்கொளியில் பார்த்து வியந்தோம். அவற்றுள் சில, தோட்டக் கழிவை எரித்து ஆற்றல் பெறும் கொதிகலனின் புகைபோக்கிகளாகவும் பயன்படுகின்றன என்ற செய்தியை நான் திரும்பி வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். செந்தோசாவில் கழித்த முழுநாள் மகிழ்ச்சியானது. மாணவர்களுக்கு மகிழ்ச்சியும் வேண்டும். அதற்காக அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கியதுதான் ஏற்கத்தக்கதாக இல்லை.

நிறுவனம் தந்த ‘கற்றல் பயிற்சிநூல்’ இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி. மெர்லயன் சிலையின் உயரம் எவ்வளவு, எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்பன போன்ற கோடிட்ட இடங்களை நிரப்பும் கேள்விகளே அதில் இருந்தன. 8.6 மீட்டர், 1972 என்று விடைகளைக் கைப்பேசியில் தேடி எழுதிவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிடும். சிலைக்கு அருகே போகவே வேண்டியதில்லை. எங்கள் ஆசிரியர் அந்த நூலை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத் தேர்ந்துகொண்டு பயணம் முழுவதும் அதற்கே விடை தேட வேண்டும் என்றார். நான் தேர்ந்தது தண்ணீர். தோழி ஒருத்தி எடுத்துக்கொண்டது, முதியவர்கள் அங்கே எங்கெல்லாம் வேலை செய்கிறார்கள் என்பது. உணவு நிலையத்தில் மேசை துடைத்த பாட்டிகளிடம் அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டு எழுதிய குறிப்புகள் எங்கள் எல்லோருடைய குறிப்புகளையும்விடச் சிறந்தவை.

பணம் கட்டும் முன் பெற்றோர் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை எனச் சிலவற்றைச் சொல்வேன். கையேட்டில் உள்ள இடங்கள் இப்போதும் திறந்திருக்கின்றனவா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். ‘பார்வையிடல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பேருந்திலிருந்து பார்ப்பதாகவே முடியும். உள்ளூர் வழிகாட்டி முழுநேரமும் உடன் வருவாரா, தமிழ் அறிந்தவரா என்று விசாரியுங்கள். திட்டத்தை மாற்றும் உரிமை ஆசிரியர்களுக்கு உண்டா என்பதை எல்லாவற்றையும்விட முதன்மையாகக் கேளுங்கள். எங்கள் பயணம் பயனுள்ளதாக அமைந்தது அந்த உரிமையை எங்கள் ஆசிரியர்கள் போராடிப் பெற்றதால்தான்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை அடுத்த ஆண்டுக் குழுவில் சேர விரும்புகிறாள். அவளை அனுப்பும்படி அம்மா அப்பாவிடம் நானே சொல்லியிருக்கிறேன். பள்ளியிடம் நான் எழுதிக் கொடுத்துள்ள வேண்டுகோள் இரண்டு: செந்தோசாவை அரை நாளாக்கி, மீதமாகும் நேரத்தை ஆற்றங்கரைக்கும் எஸ்பிளனேட் பூங்காவுக்கும் ஒதுக்க வேண்டும், விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம், அனுமதி பெற்று, குழு முழுவதையும் கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். வெளிநாட்டுக்கு வர இயலாத வகுப்புத் தோழர்களும் அந்த இரண்டு இடங்களுக்கும் எங்களோடு வரலாம்.